ஐந்தாவது சந்து

குடும்பத்தில் அவளுக்குப் பெரியவள் என்று பெயர். தங்கையைவிட ஏழு வயது மூத்தவள். ஒரு சாண் குட்டையானவள். பெயருக்கும் ஆளுக்கும் நடுவிலிருந்த இந்த இடைவெளியைப் புதிதாக வீட்டுக்கு வருகிற எவரும் ஒரு கணம் கண்ணால் அளந்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார்கள். அவளுக்கு அது பழகிவிட்டது. அளப்பது அவளுடைய தொழிலும்கூட.

பல்கலைக்கழகத்தின் புவியியல் துறையில் அவள் இணைப் பேராசிரியர். துறைக்கு வெளியே, அவள் கால் வைத்தேயிராத ஊர்களில், ‘தடம்’ என்ற மென்பொருளை எழுதியவள் என்று அவளை அறிந்திருந்தார்கள். வான்படங்களைப் பார்த்துக் கணினியில் வரைந்த சாலைகளைச் சீர்செய்து, எந்த வீட்டுக்கு எந்த வழியாகப் போவது என்று கணக்கிட்டுத் தருவது தடத்தின் வேலை. அது திறமூல மென்பொருள். அனுமதி கேட்காமல் எவரும் எடுத்துக்கொள்ளலாம். உள்ளே இருப்பதைப் பிரித்துப் பார்க்கலாம். தப்பென்று பட்டால் திருத்தியும் அனுப்பலாம். இருபத்தோரு ஆண்டுகளாக அதற்குச் சோறூட்டி, சளி துடைத்து, கீழே விழுந்தபோதெல்லாம் தூக்கி நிறுத்தி வளர்த்தவள் அவள். வீட்டில் வேறு பிள்ளை இல்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பேராசிரியர் பதவிக்கான நேர்காணல். இரண்டு முறை கைக்கு எட்டி நழுவிய பதவி. அவள் ஓய்வு பெறுவதற்குள் துறையில் இன்னோர் இடம் காலியாகும் என்று நம்ப எந்த முகாந்திரமும் இல்லை. தேர்வுக் குழுவுக்குக் கொடுத்திருந்த தடித்த கோப்பின் முதல் தாள், தடத்தைப் பற்றி இருபத்தாறு வயதில் அவள் எழுதிய கட்டுரை. ஆயிரத்து முந்நூறு பேர் அதை மேற்கோள் காட்டியிருந்தார்கள். அதற்குப் பின் அவள் எழுதியவை எல்லாம் அந்த முதல் தாளின் நிழலில்தான் நின்றன.

நேர்காணலுக்கு முந்தைய புதன்கிழமை மதியம் தங்கை வந்தாள். புதன் அவளுக்கு அரை நாள் வேலை. அக்கா வீட்டில் வந்து காலை வெந்நீரில் ஊற வைத்து, தேநீர் குடித்து, ஊரில் உள்ளவர்களையெல்லாம் திட்டித் தீர்த்துவிட்டுப் போவாள். சுகாதார அலுவலகத்தில் செவிலி அவள். நடக்க முடியாத நோயாளிகளின் வீடுகளுக்குப் பையும் கையுமாகப் போய்க் கட்டுப் போடுவதும் ஊசி போடுவதும் வேலை. ஒரு நாளைக்கு முப்பத்தொரு வீடு.

“அக்கா, உன் மேப்புக்குக் கண்ணு தெரியுமா, தெரியாதா?” என்றாள், வாளியில் காலை விட்டபடி.

“வந்ததும் வராததுமா என்னடி?”

“எங்க ஆபீஸ்ல லிஸ்ட் போடுற கம்ப்யூட்டர் உன்னோடதுதானே?”

“கம்ப்யூட்டர் என்னோடது இல்ல. அதுக்குள்ள ஓடுறதுல ஒரு பகுதி என்னோடது.”

“அந்தப் பகுதிக்குத்தான் கண்ணு தெரியலன்னு சொல்றேன்.”

விஷயம் இதுதான். பதினோரு வாரத்துக்கு முன்புவரை யார் யார் எந்தெந்த வீட்டுக்குப் போவது என்று மேற்பார்வையாளர் கையால் எழுதிக் கொடுப்பார். இப்போது கணினி அச்சடித்துத் தருகிறது, நடக்க வேண்டிய வரிசையோடு. தங்கை முன்பு வாரத்துக்கு இரண்டு முறை போய்க் கால் புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்த ஒருவர் புதிய பட்டியலில் இல்லை. பெரிய கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்கி ஓய்வு பெற்றவர். வேறு செவிலிக்கு மாற்றிவிட்டார்கள் என்று இவள் நினைத்துக்கொண்டாள். இன்று காலை மருந்துக் கடையில் அவருடைய மருமகள் வழிமறித்து, ‘ஏன் சிஸ்டர் நீங்க யாருமே வர்றதில்ல?’ என்று கேட்ட பிறகுதான் அலுவலகத்தில் போய்ச் சண்டை போட்டிருக்கிறாள்.

“அந்த கிளார்க் என்ன சொல்றான் தெரியுமா? ரோடே இல்லாத வீட்டுக்கு எப்படி சிஸ்டர் போவீங்க, பறந்தான்னு கேக்குறான். மேஜை டிராயரை இழுத்துக் காட்டுறான். ‘வழியற்ற முகவரிகள்’னு ஒரு கத்தை. அதுல இவரும் இருக்காரு.”

பெரியவள் கையிலிருந்த தேநீரை வைத்தாள். “அவர் வீடு எங்க இருக்கு?”

“அச்சகத்துக்குப் பின்னால ஒரு முட்டுச்சந்து. சந்துன்னு சொல்றதே ஜாஸ்தி. நாலு எட்டு வச்சா சுவர்ல முட்டிக்குவ.”

பெரியவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இருந்தாலும் மடிக்கணினியைத் திறந்து ஊரின் சாலைக் கோப்பை எடுத்தாள். கையால் வரைந்த மூலக் கோப்பில் அச்சகத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கோடு நகத்துணுக்குப்போல ஒட்டிக்கொண்டிருந்தது. தடம் சீர்செய்து முடித்த கோப்பில் அந்த இடம் வழவழவென்று இருந்தது.

வான்படத்தின் மேல் சாலைகளை வரைகிறவரின் கை சில இடங்களில் சந்திப்பைத் தாண்டிக் கொஞ்சம் நீண்டுவிடும். இன்னொரு சாலையைத் தொடாமல் அந்தரத்தில் முடிகிற அந்த எச்சத்துக்குத் தொழிலில் தொங்கல் என்று பெயர். தொங்கல்களைத் தேடி வெட்டியெறிவது தடத்தின் முதல் வேலை. தொங்கலும் ஒரு முனையில் மட்டும் ஒட்டியிருக்கிற கோடு, முட்டுச்சந்தும் அப்படித்தான். இரண்டையும் பிரித்தறியக் கணினிக்கு நீளம் ஒன்றுதான் கைகாட்டி. பதினெட்டு மீட்டருக்குக் குறைந்தால் அது கைப்பிழை, கூடினால் சந்து. வேண்டுமென்றால் பயன்படுத்துகிறவர் வேறு எண்ணைத் தட்டிக்கொள்ளலாம். எவரும் தட்டுவதில்லை. கொடுத்திருக்கிற எண்ணை மாற்ற ஒரு துணிச்சல் வேண்டும். காலை ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் அது யாரிடமும் இருப்பதில்லை.

தடத்தின் கணினி நிரலில் எந்த வரியை யார், எப்போது எழுதினார்கள் என்று காட்டுகிற கட்டளை ஒன்று உண்டு. அவள் அதை ஓடவிட்டாள். பதினெட்டு என்ற எண்ணுக்குப் பக்கத்தில் அவள் பெயர் வந்தது. ஆயிரக்கணக்கான கைகள் அந்த நிரலைத் தொட்டுத் திருத்தியிருந்தன. அந்த ஒரு வரியை இருபத்தோரு ஆண்டுகளாக யாரும் தொடவில்லை.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதை அவள் மறக்கவில்லை; நினைக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். அன்று ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கிடைத்த மவுஸ் உள்ளே ரப்பர் உருண்டை வைத்த பழையது. இடப்பக்கம் இழுத்தால் திக்கும், பிறகு துள்ளும். ஒவ்வொரு சந்திப்பிலும் கோடு எகிறிப்போய் நின்றது. ஐந்து மீட்டர் என்று கொடுத்துப் பார்த்தாள், பாதித் தொங்கல்கள் போயின. பத்து, பதினைந்து என்று ஏற்றினாள். பதினெட்டில் படம் பளிச்சென்று ஆனது. அந்த எண் அளந்தது ஊரை இல்லை, ஒரு மவுஸின் கோளாறை.

“இந்தப் பதினெட்டுக்குத்தானே அன்னைக்கு நான் டேப் புடிச்சேன்?” என்றாள் தங்கை, திரையை எட்டிப் பார்த்து. “ஞாயித்துக்கிழமை. நாலு சந்து அளந்தோம். அஞ்சாவதுக்குப் போறப்ப மழை புடிச்சுக்கிச்சு. முடிஞ்சதும் ஐஸ்கிரீம் வாங்கித் தரேன்னு சொல்லி ஏமாத்தின. அதை நான் மறக்கல, சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.”

நான்கு சந்துகளும் நாற்பது மீட்டருக்கு மேற்பட்டவை. அவற்றை அளந்ததால் பதினெட்டைப் பற்றி எதுவுமே தெரியவரவில்லை. இருந்தும் கட்டுரையில், ‘இம்மதிப்பு களத்தில் அளந்து உறுதிசெய்யப்பட்டது’ என்று எழுதினாள். அந்த வாக்கியம் இல்லாவிட்டால் இதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பியிருக்கும்.

“என்னக்கா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?”

“ஒண்ணுமில்ல. அந்த கிளார்க் நம்பர் இருக்கா?”

எழுத்தர் உடனே எடுத்தார். எந்தப் பக்கத்தில், எந்தக் கட்டத்தில் அந்த எண் இருக்கிறது என்று அவள் சொன்னாள்.

“பதினெட்டை எடுத்துட்டு ரெண்டுன்னு போடுங்க.”

“மேடம், அதைத் தொடக் கூடாதுன்னு ட்ரெய்னிங்ல சொல்லியிருக்காங்க. ஏதோ பெரிய ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்ச நம்பராம்.”

“தொடலாம்.”

“நீங்க யாரு மேடம்?”

“அதை எழுதினவ.”

எதிர்முனையில் விசைப்பலகை தட்டுகிற ஒலி கேட்டது. “போட்டுட்டேன். ஆனா புது லிஸ்ட் சனிக்கிழமைதான் வரும்.”

தங்கை வாளியிலிருந்து காலை எடுத்துத் துடைத்துக்கொண்டாள். “அவ்வளவுதானா? இதுக்கா நான் காலைலேர்ந்து தொண்டை கிழியக் கத்தினேன்? சரி, முடிஞ்சுது. செவ்வாய்க்கிழமைக்கு எதை உடுத்திக்கப் போற? அந்தச் சாம்பல் கலர் வேண்டாம். அதுல நீ ஏற்கெனவே ரிடையர் ஆன மாதிரி இருக்க.”

முடிந்தது என்றே பெரியவளும் நினைக்க முயன்றாள். வியாழக்கிழமை வகுப்பை முடித்து அறைக்கு வந்ததும், ஊர்க் கோப்பில் தடம் நீக்கிய கோடுகள் எத்தனை என்று பார்த்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றையும் வான்படத்தில் பெரிதாக்கிப் பார்த்தாள். மதிய உணவு மேசையிலேயே ஆறிப்போனது. நிஜமான கைப்பிழை என்று சொல்லத்தக்கவை ஒன்பது. மற்ற இருநூற்று மூன்றின் கோடியிலும் ஏதோ ஒரு கூரை தெரிந்தது. சிலவற்றில் கொடியில் துணி காய்வதுகூடத் தெரிந்தது. இது ஓர் ஊர். தடம் எத்தனை ஊர்களில் ஓடுகிறது என்பது அவளுக்கே தெரியாது. பயன்படுத்துகிறவர்கள் பெயர் கொடுக்க வேண்டியதில்லை என்று விதி செய்தவள் அவள்தான்.

மாலையில் துறைத்தலைவரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். நல்ல மனிதர். அவளுடைய கோப்பை இரண்டு முறை படித்து, நிறுத்தற்குறிவரை திருத்திக் கொடுத்தவர்.

“பிழை இருக்கு, திருத்தணும். அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்லம்மா. ஆனா செவ்வாய்க்கிழமை தாண்டட்டும். இருபத்தோரு வருஷம் இருந்த எண் இன்னும் அஞ்சு நாள் இருந்தா உலகம் கவுந்துடாது.”

“செவ்வாய்க்கு அப்புறம் எழுதினா, பதவிக்காகக் காத்திருந்தேன்னு ஆகும் சார்.”

“செவ்வாய்க்கு முன்னாடி எழுதினா, காத்திருக்கப் பதவியே இருக்காது.” அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வெறும் எண்ணை மாத்துறதுன்னா பரவாயில்ல. நீங்க சொல்றது அந்த வாக்கியத்தையும் சேர்த்துல்ல? அந்தக் கட்டுரை விழுந்தா கோப்புல என்ன மிச்சம்?”

வெள்ளிக்கிழமை காலை தாடியை அழைத்தாள். தடத்தை அவளோடு சேர்ந்து பராமரிக்கிறவன். ஒன்பது ஆண்டாக நாள் தவறாமல் பேசுகிறவன். நேரில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. திரையில் முகத்தைவிட அதிகம் தெரிவது தாடி என்பதால் அந்தப் பெயர். அவளை அவன் தலைவி என்பான், கிண்டலும் மரியாதையும் எந்த அளவில் கலந்தது என்று சொல்ல முடியாதபடி.

“தலைவி, அதை மாத்தினா அத்தனை பேரோட கணக்கும் மாறும். திங்கக்கிழமை காலைல என் மெயில் பெட்டி நிரம்பி வழியும். விளக்கக் குறிப்புல ஒரு வரி சேர்த்துடலாமே?”

“விளக்கக் குறிப்பை யாரு படிப்பாங்க?”

“யாரும் படிக்க மாட்டாங்க. அதானே அதோட அழகு.” அவள் சிரிக்காததைப் பார்த்துக் குரலை மாற்றினான். “சரி, மாத்துவோம். தானா வெட்ட வேண்டாம். சந்தேகமானதைப் பட்டியல் போட்டு மனுஷங்ககிட்ட கேக்கட்டும். அடுத்த பதிப்புல ‘சிறு மேம்பாடுகள்’னு போட்டுட்டுப் போயிடலாம். ஏன் மாத்தினோம்னு எழுதணும்னு சட்டமா இருக்கு?”

சட்டம் இல்லை. அவள் அன்று முழுக்க அந்த ‘சிறு மேம்பாடுகள்’ என்ற இரண்டு சொற்களோடு உட்கார்ந்திருந்தாள். அவற்றில் பொய் என்று எதையும் சுட்ட முடியாது. இருபத்தாறு வயதில் எழுதிய அந்த வாக்கியத்திலும் அப்படித்தான். களத்துக்குப் போனாள், அளந்தாள்.

சனிக்கிழமை வந்த புதுப் பட்டியலில் லிஃப்ட்காரர் இருந்தார். தங்கையோடு அவளும் கிளம்பினாள். கைப்பையில் அலமாரியின் அடியிலிருந்து எடுத்த முப்பது மீட்டர் இரும்பு டேப்.

“அதை எதுக்குத் தூக்கிட்டு வர்ற? புண்ணை அளக்கவா?”

“சந்தை அளக்க.”

“படத்துல பார்த்தது போதாதா உனக்கு?”

“படத்துல பார்த்துத்தானே இவ்வளவும் வந்துச்சு.”

அச்சகத்தின் பின்சுவரை ஒட்டித் திரும்பியதும் சந்து. காகிதக் கட்டுகள் இறக்கும் வாசலைத் தாண்டி இரண்டே வீடுகள். கோடியில் நீலக் கதவு. லிஃப்ட்காரர் கதவுக்கு உள்ளே நாற்காலியில், ஒரு காலை முக்காலியில் நீட்டி வைத்து உட்கார்ந்திருந்தார். தங்கையைப் பார்த்ததும் எழ முயன்றார்.

“எழுந்திருக்காதீங்க. எப்படி இருக்கீங்க?” என்று தங்கை தரையில் உட்கார்ந்து பழைய துணியைப் பிரித்தாள். அவள் முகம் இறுகியதைப் பெரியவள் கவனித்தாள். வீட்டிலேயே யாரோ கட்டிய கட்டு. புண் இரண்டு மடங்காகியிருந்தது.

“முப்பது வருஷம் மேலயும் கீழயுமாவே போனவன்மா நான். தரையில நடக்கிறதுதான் எனக்கு ஒத்துக்கல” என்றார் அவர். எப்போதும் சொல்கிற நகைச்சுவை என்பது தெரிந்தது. சொன்ன குரலில் சிரிப்பு இல்லை.

மருந்து பட்டதும் அவர் தோளில் கிடந்த துண்டின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டார். கண்ணில் நீர் கோத்தது. சத்தம் வரவில்லை. ஊசி போட்டபோதும் அப்படியே இருந்தார். தங்கை நிமிர்ந்து பார்த்தாள். “என்ன இவ்வளவு அமைதி? ஊசியைப் பார்த்தாலே தெருவைக் கூட்டுவீங்களே?”

அவர் துண்டை எடுத்தார். சொல்ல வேண்டியதை முன்பே பலமுறை சொல்லிப் பழகியவரைப்போல, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “கடைசியா நீங்க வந்த அன்னைக்கு வலி தாங்காம உங்களைக் கன்னாபின்னான்னு திட்டிட்டேன்மா. அது என் தப்புதான். அதுக்கப்புறம் யாரும் வரல. மருமக ஆபீஸுக்குப் போய்க் கேக்குறேன்னா, நான்தான் வேண்டாம்னுட்டேன். எந்த முகத்தை வச்சுட்டுக் கேக்குறது? பதினோரு வாரமா உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு இருந்தேன்.”

தங்கை கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தாள். “ஐயோ, அதுக்காக எல்லாம் இல்லீங்க. அது கம்ப்யூட்டர்ல ஏதோ...” என்று தொடங்கி அக்காவைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

“என் தப்புங்க” என்றாள் பெரியவள். “உங்க சந்தை அழிச்சது நான்.”

அவர் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கையிலிருந்த டேப்பையும் பார்த்தார். மாநகராட்சியிலிருந்து இடிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். அவள் விளக்கினாள்: ஒரு படம், அதில் குட்டையான கோடுகளைத் தப்பென்று எண்ணி அழிக்கிற ஒரு விதி, அந்த விதியை எழுதிய ஆள். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. “அப்ப நான் திட்டினதால இல்லையா?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றாள். அவர் இன்னொரு முறை கேட்டார். அவள் இன்னொரு முறை சொன்னாள்.

டேப்பின் ஒரு முனையை அவர்தான் பிடித்தார், நாற்காலியை விட்டு எழாமல், நீலக் கதவின் நிலையோடு அழுத்தி. பெரியவள் மறுமுனையை இழுத்துக்கொண்டு சந்தின் வாய்வரை நடந்தாள். பதினேழு மீட்டர் நாற்பது. அறுபது சென்டிமீட்டர் குறைவு. ஒரு முழத்தைவிடச் சற்று அதிகம்.

திரும்பும் வழியில் தங்கை பட்டியலை மடிப்பதும் பிரிப்பதுமாக வந்தாள்.

“எழுதப் போற, அப்படித்தானே?” என்றாள் கடைசியில்.

“ம்.”

“அக்கா, அளந்தது நாலு சந்துதான்னு உனக்கும் எனக்கும்தான் தெரியும். நான் வாயைத் திறக்க மாட்டேன். நாப்பதுன்னு சொல்லச் சொன்னாலும் சொல்லுவேன். அந்த மனுஷன் வீட்டுக்குத்தான் போயாச்சே.”

“நம்ம ஊர்ல போயாச்சு.”

“ஊர் ஊரா நீ போய்க் கதவைத் தட்டுவியா?”

“தட்ட முடியாது. அதான் எழுதணும்.” பெரியவள் நடையை நிறுத்தினாள். “பதினோரு வாரம்டி. தப்பு பண்ணினவ காத்தாடியப் போட்டுட்டு உக்காந்திருக்கேன். அவர் தன் வாயைத் திட்டிக்கிட்டு உக்காந்திருக்கார். இன்னும் இருநூறு சந்துல எத்தனை பேர் எதை நினைச்சுட்டு இருக்காங்களோ?”

தங்கை டேப்பை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள், கனமாக இருக்கும் என்று.

தடத்துக்கு ஒரு பிழைப்பதிவேடு உண்டு. இணையத்தில் இருப்பது; எவரும் எழுதலாம், எவரும் படிக்கலாம், எழுதியதை மறைக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலை அவள் அதில் எழுதினாள்:

‘தொங்கல் நீளம் பதினெட்டு மீட்டர் என்ற மதிப்பை நான் எழுதினேன். களத்தில் அளந்து அது உறுதிசெய்யப்பட்டதாக என் கட்டுரை சொல்கிறது. நான் அளந்தவை நான்கு சந்துகள். நான்கும் நாற்பது மீட்டருக்கு மேற்பட்டவை. ஆகவே அவை எதையும் உறுதிசெய்யவில்லை. அந்த எண் என் மேசையிலிருந்த பழுதான மவுஸிலிருந்து வந்தது. நேற்று ஐந்தாவது சந்தை அளந்தேன். நீளம் 17.40 மீட்டர். அதன் கோடியில் ஒருவர் குடியிருக்கிறார். எங்கள் ஊரில் தடம் நீக்கிய 212 கோடுகளில் 203 உண்மையான சந்துகள். உங்கள் ஊரில் நீக்கப்பட்டவற்றை உடனே பாருங்கள். இனி தடம் எதையும் தானாக நீக்காது, கேட்கும். கட்டுரையைத் திருத்தும்படி இதழுக்கும் எழுதிவிட்டேன்.’

‘அன்று மழை பெய்தது’ என்று நடுவில் ஒரு வரி எழுதியிருந்தாள். படித்துப் பார்த்து அதை எடுத்துவிட்டாள். பிறகு அனுப்பினாள்.

செவ்வாய்க்கிழமை சாம்பல் நிறத்தைத் தவிர்த்துவிட்டுப் போனாள். நீண்ட மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். துறைத்தலைவர் ஓரத்தில், கோப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு. வெளியிலிருந்து வந்திருந்த அம்மையார் ஒருவர் முன்னால் ஒற்றைத் தாள் இருந்தது. தலைகீழாகப் பார்த்தும் பெரியவளுக்கு அது என்னவென்று தெரிந்தது.

“எத்தனை சந்துகள் அளந்தீங்க?” என்றார் அம்மையார்.

“நான்கு.”

“எப்படித் தேர்ந்தெடுத்தீங்க?”

“நடந்துபோகிற தூரத்தில் இருந்தவை.”

“ஐந்தாவது?”

“அது போன சனிக்கிழமை.”

யாரோ தொண்டையைச் செருமினார்கள். அம்மையார் தாளை மடித்து வைத்தார். “இதை நீங்க இந்த வாரமே எழுதணும்னு இல்லையே?” என்றார். குற்றம் சொல்கிற தொனி இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப் போலக் கேட்டார். “எனக்கும் அப்படித்தான் தோணுச்சு” என்றாள் பெரியவள்.

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. முதன்மைக் கட்டுரை திருத்தத்தில் இருப்பதால் விண்ணப்பத்தை இம்முறை பரிசீலிக்க இயலவில்லை. துறைத்தலைவர் அவள் அறைக்கு வந்து வாசலிலேயே நின்றார். நான் சொன்னேனே என்று சொல்ல வந்தவர், அதைச் சொல்லாமல் ஜன்னல் தாழ்ப்பாள் சரியில்லை என்று ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அந்த இடத்துக்கு வேறொருவரை எடுப்பார்கள். அவள் அதே அறையில், அதே மேசையில், அதே பெயர்ப்பலகையோடு ஓய்வுவரை இருப்பாள். அன்று மாலை கதவைப் பூட்டும்போது அந்தப் பலகையைப் பார்க்காமல் இருக்க அவளால் முடியவில்லை. வலித்தது. வலிக்காது என்று அவள் எண்ணியிருக்கவும் இல்லை.

பிழைப்பதிவேட்டில் அவள் குறிப்புக்குக் கீழே பதில்கள் சேர்ந்துகொண்டிருந்தன. ஒருவர் தன் மூன்று ஆண்டு ஆய்வு பாழாகிவிட்டதென்று நெருப்பாகக் கொட்டியிருந்தார். அவருக்கு அவள் தனியே நீளமாகப் பதில் எழுதினாள். எங்கோ ஒரு தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒரே வரி: ‘எங்களுக்கு 640 சந்துகள்.’ தாடி தன் பங்குக்குத் தன் படுக்கையிலிருந்து குளிர்பதனப் பெட்டிவரை அளந்து, 6.2 மீட்டர், தொங்கல் அல்ல, உயிர்நாடி, என்று போட்டிருந்தான்.

அடுத்த புதன் மதியம் தங்கை வந்தாள். பையை ஒரு மூலையிலும் தன்னை ஒரு நாற்காலியிலும் வீசிக்கொண்டு, மடித்த பட்டியலை அக்காவின் மடியில் எறிந்தாள்.

“எண்ணிப் பாரு. முப்பத்தொண்ணு இருந்துச்சு. இப்ப நாப்பத்தாறு. டிராயர்ல இருந்ததெல்லாம் என் தலையிலதான் விடிஞ்சிருக்கு. எல்லாமே முட்டுச்சந்து. போன வழியே திரும்பி வரணும். உன் மனசாட்சிக்கு நடக்குறதுக்கு என் கால்தான் கிடைச்சுதா?”

பெரியவள் வெந்நீரைக் கொண்டுவந்து வாளியில் ஊற்றினாள். தங்கையின் கணுக்கால்கள் வீங்கியிருந்தன. குனிந்து, சூடு சரியாக இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்தாள்.

“ப்ரொஃபசர்?” என்றாள் தங்கை, கொஞ்சம் தணிந்த குரலில்.

“இல்ல. இனிமே கிடைக்காதுன்னு நினைக்கிறேன்.”

தங்கை காலை நீரில் விட்டாள். சூட்டுக்கு உதட்டைக் குவித்து ஊதினாள்.

“இன்னைக்கு அந்த லிஃப்ட்காரர் வீட்டுக்குப் போனேன்” என்றாள் தங்கை.

“எப்படி இருக்கார்?”

“ஊசியை எடுத்தேனோ இல்லையோ, ஆரம்பிச்சுட்டாரு. கொலைகாரி, ராட்சசி, உனக்குக் கை நடுங்குதா, கண்ணு அவிஞ்சு போச்சான்னு ஒரே கத்தல். அச்சாபீஸ் ஆளுங்க மெஷினை நிறுத்திட்டு ஓடி வந்துட்டாங்க.” அவள் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். “அக்கா, அந்தச் சந்து முழுக்கக் கேட்டுச்சு.”